கண் உடம்பில இல்லையோ?



போன மடலில வந்த உடல்நலப் பக்கத்தை வாசிச்சனான். நல்லா நித்திரை கொள்ளுங்கோ, போனைத் தள்ளி வையுங்கோ, உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ. எழுதின தோழரில எனக்குக் கோபமில்லை. அந்த "நீங்களே"யிலதான் கோபம்.

எனக்கு மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமா எம்.எஸ். உடம்பின்ர நோயெதிர்ப்புச் சக்தியே நரம்புகளைச் சுத்தியிருக்கிற உறையை அரிக்கிற வருத்தம். உலகத்தில இது கூடுதலா உள்ள நாடுகளில கனடாவும் ஒண்டு. எனக்கு கால் விறைப்போட துவங்கினது. ஃபிங்கோலிமொட் எண்ட குளிசை எழுதித் தந்தினம், ஒரு நாளைக்கு 0.5 மில்லிகிராம். முதல் குளிசை விழுங்கின நாள் என்னை ஆறு மணித்தியாலம் கதிரையில இருத்தி வைச்சு, மணிக்கொருக்கா நாடியும் பிரஷரும் பார்த்தினம். இதயத்துடிப்பு குறையலாம் எண்டதால. அவ்வளவு கவனம். நான் உண்மையாவே நன்றியோட வீட்ட வந்தனான்.

இதே குளிசை கண்ணுக்கும் ஒரு வேலை செய்யும். சிலருக்கு விழித்திரையின்ர நடுவில, மக்குலா எண்ட இடத்தில, நீர் கசிஞ்சு வீங்கும். மருந்துச் சோதனைகளில இது சுமார் 0.5 சதவீதம் பேருக்கு வந்தது, அதாவது இருநூறு பேரில ஒராள். பெரும்பாலும் முதல் மூண்டு நாலு மாதத்துக்குள்ள. அதாலதான் துவங்கி 3-4 மாதத்தில கண்ணைச் சோதிக்கவேணும் எண்டு மருந்தோட வாற தாளிலேயே இருக்கு. நான் தோண்டியெடுத்த ரகசியமில்லை.

கண் டொக்டருக்குக் கடிதம் போனது. ஒக்ரோபரில குளிசை துவங்கினனான். கண் டொக்டர் தந்த திகதி ஜூன்.

பெப்ரவரியில ஒரு பின்னேரம் மாணவர்களின்ர புள்ளிகளை எக்செலில போட்டுக்கொண்டு இருக்கேக்க கோடுகள் வளைஞ்சுது. வலது கண்ணைப் பொத்தினால் இன்னும் வளைஞ்சுது. நோவில்லை. எம்.எஸ். உள்ளவைக்கு கண் மங்கினால் எல்லாரும் முதல்ல நினைக்கிறது பார்வை நரம்பு அழற்சி, அதாவது வருத்தம் திரும்பத் தாக்குது எண்டு. அதுக்கு கண்ணை அசைச்சால் நோகும், சிவப்பு நிறம் வெளிறிப் போகும். எனக்கு ரெண்டும் இல்லை. கிளினிக்குக்கு அடிச்சால், தாக்கமா இருக்கலாம், வாற சந்திப்பில பார்ப்பம் எண்டினம். என்ன குளிசை எடுக்கிறாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அங்க என்ர கோப்பு இருக்கு.

தாளை வாசிச்சிருந்தபடியால் மோலில உள்ள ஒப்ரோமெற்றிஸ்ட்டிட்ட ஓடினனான். சோதனைக்கும் ஓசிடி ஸ்கானுக்கும் சேர்த்து நூற்றியெண்பது டொலர், கையிலயிருந்து. திரையில என்ர மக்குலா ஒரு சின்ன மேடு மாதிரிப் பொங்கி நிண்டது. மற்றநாள் நியூரோலஜிஸ்ட் குளிசையை நிப்பாட்டி, வேற வகை மருந்துக்கு மாத்தினவர். ரெண்டு மாதத்தில நீர் வத்தினது. பார்வை கிட்டத்தட்ட முழுக்கத் திரும்பினது. இப்பவும் படிக்கட்டில இறங்கேக்க இடது பக்கம் ஒரு சின்னச் சந்தேகம்.

இனி அரசியல்.

2004 நவம்பரில ஒன்ராறியோ அரசு 20 முதல் 64 வயது வரையானவைக்கான வழமையான கண் சோதனையை ஓஹிப்பில இருந்து வெட்டினது. குறிப்பிட்ட வருத்தங்கள் இருந்தால் மட்டும் காசில்லை: சீனி வருத்தம், குளோக்கோமா, விழித்திரை நோய், பார்வை நரம்புப் பாதை நோய் எண்டு ஒரு பட்டியல். எம்.எஸ். எண்ட சொல் அதில இல்லை. கண்ணுக்குக் கேடு செய்யக்கூடிய மருந்து எடுக்கிறம் எண்டதும் இல்லை. எனக்கு இப்ப விழித்திரை நோய் இருக்கு. ஆகவே நானும் பட்டியலில. வாழ்த்துச் சொல்லுங்கோ. சேதத்தைத் தடுக்கிற சோதனைக்கு நான் காசு கட்டவேணும். சேதம் வந்தாப் பிறகு அரசு கட்டும். வறுமையை இப்பிடித்தான் திட்டமிட்டு நிர்வகிக்கிறவை எண்டு நாங்கள் வாசிப்பு வட்டங்களில கதைக்கிறது ஞாபகமிருக்கோ?

ஸ்பெஷலிஸ்ட்டிட்ட போனால் காசில்லைத்தானே எண்டு ஒருவர் கேட்டவர். உண்மை. ஜூன் வரைக்கும் காசில்லை.

என்ர ரி.ஏ. காப்புறுதியோ கண் சோதனைக்கு 24 மாதத்துக்கொருக்காத்தான் காசு தரும். மருந்துத்தாள் நாலு மாதம் எண்டுது, காப்புறுதித்தாள் 24 மாதம் எண்டுது. இந்த இடைவெளியை நிரப்பிறதுக்குப் பேர்தான் "பக்கவிளைவை மனேஜ் பண்ணுறது". மருந்துக் கொம்பனியின்ர தாதி போனில அன்பாக் கேக்கிறவ: எப்பிடி மனேஜ் பண்ணுறீங்கள்? அக்கா, நான் கடிதம் துரத்திறன், திகதி துரத்திறன், ரசீது சேர்க்கிறன், குளியலறை ஓடுகளை ஒவ்வொரு கண்ணாப் பொத்தி எண்ணுறன். சம்பளமில்லாத பகுதிநேர வேலை. ஆங்கிலம் தெரிஞ்ச எனக்கே இப்பிடி. "கண் மங்குது" எண்ட ஒரே சொல்லில எல்லாத்தையும் சொல்லுற எங்கட அம்மாமாருக்கு?

அப்பாவுக்குச் சீனி வருத்தம். பட்டியலில இருக்கிறவர். 2021 செப்ரெம்பரில ஒப்ரோமெற்றிஸ்ட்டுகள் அரசு தாற கட்டணம் செலவுக்கே காணாது எண்டு ஓஹிப் சோதனைகளை நிப்பாட்டினவை. நவம்பர் வரைக்கும். அவையின்ர நியாயம் எனக்கு விளங்குது. அந்த வருசம் அப்பாவின்ர கண்ணை ஒருத்தரும் பார்க்கேல்லை எண்டதும் விளங்குது. ஃபிங்கோலிமொட்டில மக்குலா வீங்கிற ஆபத்து சீனி வருத்தக்காரருக்குக் கூட. எங்கட வீடுகளில சீனி வருத்தம் எவ்வளவு எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்ப எங்கட பக்கம். மாமி பொன்னாங்காணி சாப்பிடச் சொன்னவ. சாப்பிட்டனான், நல்ல ருசி. எனக்கு நொந்தது ஒரு தோழர் சொன்னது: "அது பார்மா முதலாளியின்ர நஞ்சு. விட்டிடு." தோழர், கொம்பனியை வெறுக்க எனக்கு உங்களைவிடக் கூடக் காரணமிருக்கு. ஆனால் இந்தக் குளிசையைத் திடீரெண்டு விட்டால் சிலருக்கு எம்.எஸ். முந்தியதைவிட மோசமாத் திரும்பத் தாக்கும். 2018 இல அமெரிக்க எஃப்.டி.ஏ. இதுக்கெண்டே எச்சரிக்கை விட்டது. நான் நிப்பாட்டினது டொக்டர் சொல்லி, மாற்று மருந்தோட. குப்பையில எறிஞ்சு இல்லை. "மருந்தை விடு" எண்டுறதும் "உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ" எண்டுறதும் எனக்கு ஒரே குரலாத்தான் கேக்குது. ரெண்டிலயும் நான் தனியத்தான் நிக்கிறன்.

மருந்தில்லா உலகம் நான் கேக்கேல்லை. எங்களுக்கு வேணுமெண்டது சின்னன்: மருந்து கேக்கிற சோதனைக்கு மருந்து எழுதேக்கையே திகதி போடவேணும், காசில்லாமல். ஓசிடியும் சேர்த்து. 2004 இல வெட்டினதைத் திருப்பி ஒட்டவேணும்.

எங்கட யூனியனின்ர அடுத்த பேரப் பட்டியல் எழுதத் துவங்கியாச்சு. 24 மாத வரியை நான் கொண்டுபோறன். உங்கட காப்புறுதிப் புத்தகத்தில கண் சோதனை எண்ட பக்கத்தைப் படமெடுத்து இந்த மடலுக்கே பதிலா அனுப்புங்கோ. எத்தின மாதம் எண்டு எழுதியிருக்குது, அதுதான் எனக்குத் தேவை. எழுத்து கொஞ்சம் பெரிசா இருந்தால் நல்லம்.