முனீஸ்வரரை ஓட்டுக்கு விடலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ரெண்டு வாரமா நம்ம கோயில் வாட்சப் குரூப்ல ஓடுற வாக்குவாதத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. திருப்பணி தொடங்கப் போகுது. இந்தத் தடவை எல்லாமே ஆகமப்படி அமையணும், பின்பக்கம் இருக்கிற முனீஸ்வரரை எடுத்துடணும், கிடா வெட்டும் நிறுத்தணும்னு ஒரு தரப்பு. தோட்டத்திலேருந்து நம்மகூட வந்த சாமி, கை வைக்காதீங்கன்னு இன்னொரு தரப்பு. கடைசியா ஒரு தம்பி, "பொதுக்கூட்டத்துல ஓட்டுக்கு விட்டுடலாம்"னு எழுதினார். நல்ல எண்ணத்துலதான் எழுதினார். ஆனா இதுல எதை ஓட்டுக்கு விடலாம், எதை விடக்கூடாதுன்னு முதல்ல பிரிச்சுப் பார்க்கணும்.

உலகப் பார்வைன்னு ஒண்ணு இருக்கு. இந்த உலகம் என்ன, கடவுள் யாரு, செத்த பிறகு நாம எங்கே போறோம், நம்மளைச் சுத்தி யார் காவல் இருக்காங்க, இதையெல்லாம் ஒரு மனுஷன் எப்படிப் பார்க்கிறான் என்பதுதான் அது. இதை யாரும் பாரம் நிரப்பிச் சேர்றதில்லை. அம்மா விளக்கேத்துறதைப் பார்த்து, தாத்தாவோட கருமக்கிரியையில நின்னு, நமக்கே தெரியாம உள்ளே வந்துடுது.

கொள்கை அல்லது கருத்தியல் என்பது வேற. என்ன செய்யணும், எதை மாத்தணும், யார் தடையா இருக்காங்கன்னு அது சொல்லும். அதுக்குத் திட்டம் இருக்கும், தலைவர் இருப்பார், பெரும்பாலும் ஓர் எதிரணியும் இருக்கும். அதுல சேரலாம், விலகலாம். 'ஐடியாலஜி' என்ற சொல்லே 1796-ல பிரான்ஸ் நாட்டு டெஸ்டு டி டிராசி உருவாக்கினதுதான். முனீஸ்வரர் கும்பிடு அதைவிட ரொம்பப் பழசு!

தமிழ்ல நமக்கு ஒரு கூடுதல் குழப்பம். 'சித்தாந்தம்' என்ற ஒரே சொல்லை ரெண்டுக்கும் போடுறோம். சைவ சித்தாந்தம்னும் சொல்றோம், அரசியல் சித்தாந்தம்னும் சொல்றோம். மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டுல சிவஞானபோதத்தில் விளக்கிய பதி, பசு, பாசம் ஒரு முழு உலகப் பார்வை. தேர்தல் நேரத்துல மேடையில முழங்குற சித்தாந்தம் அந்த வகை இல்லை.

ரெண்டும் தனித்தனின்னு காட்ட வெளியூர் போக வேண்டியதில்லை. தைப்பூசத்தன்னைக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்கு நடக்கிற கூட்டத்தைப் பாருங்க. ம.இ.கா.காரரும் ஜ.செ.க.காரரும் ஒரே வரிசையில காவடி எடுக்கிறாங்க. பார்வை ஒண்ணு, கொள்கை பல.

இதுக்கு நேர்மாறு ருக்குன் நெகாரா. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்ட் 31-ல பிரகடனம் செய்த தேசியக் கோட்பாடு. இறைவன் மேல நம்பிக்கை வேணும்னு முதல்ல சொல்லுது. அந்த இறைவன் எப்படிப்பட்டவர்னு விளக்கம் கொடுக்கலை. அதனாலதான் நம்ம பிள்ளைங்களும் மலாய்க்காரப் பிள்ளைங்களும் சீனப் பிள்ளைங்களும் பள்ளிக்கூடச் சபையில அதைச் சேர்ந்து சொல்ல முடியுது. கொள்கை ஒண்ணு, பார்வை பல.

இன்னொரு உதாரணமும் நம்ம ஊர்லயே இருக்கு. 1929 டிசம்பர்ல பெரியார் மலாயா வந்தார், ஈப்போவில் தமிழர் மாநாட்டைத் தொடங்கி வச்சார். அடுத்த மாசம் சுங்கை சிப்புட், தாப்பா பக்கமும் போனார். கடவுள் இல்லைங்கிறது அவரோட பார்வை. சாதி ஒழியணும், பெண்ணுக்குச் சம உரிமை வேணும், வீண் சடங்குச் செலவு கூடாதுங்கிறது அவரோட கொள்கை. நம்ம ஆளுங்க பல பேர் கொள்கையைக் கையில எடுத்துக்கிட்டாங்க, மாரியம்மனை விடலை. இது முரண்பாடுன்னு சிலர் கேலி செய்வாங்க. நான் அப்படி நினைக்கலை. எது எதுன்னு பிரிச்சுப் பார்க்கிற தெளிவு அவங்ககிட்ட இருந்தது.

கொள்கை கெட்டது, பார்வைதான் புனிதம்னு நான் சொல்ல வரலை. சில தோட்டங்கள்ல லயத்தையே சாதிவாரியாப் பிரிச்சு வச்சிருந்தாங்க. அதுவும் நம்ம பழைய பார்வைக்குள்ள ஒளிஞ்சிருந்த ஒண்ணுதான். சீர்திருத்தக்காரங்க வந்து தட்டிக் கேட்காம இருந்திருந்தா அது தானா போயிருக்காது. பார்வையில அழுக்கு சேர்ந்தா கழுவ ஒரு கொள்கை வேணும்.

சரி, நம்ம கோயில் விஷயத்துக்கு வர்றேன்.

கிடா வெட்டு வேணுமா வேண்டாமா என்பது 'என்ன செய்யணும்'ங்கிற கேள்வி. சுத்தம், பிள்ளைங்க மனசு, அக்கம்பக்கத்து வீடுங்க, சட்டம் எல்லாம் இதுல அடங்கும். தாராளமா பேசுங்க, ஓட்டும் எடுங்க. நிறுத்துறதுன்னு முடிவானா நானும் சம்மதிப்பேன். பொங்கலும் எலுமிச்சம்பழமும் வச்சுக் கும்பிட்டா முனீஸ்வரர் கோவிச்சுக்க மாட்டார்.

ஆனா முனீஸ்வரர் சாமியா இல்லையா என்பதை எந்தக் கமிட்டியும் கை தூக்கி முடிவு செய்ய முடியாது. விடியறதுக்கு முன்னாடி, பாம்பும் பூரானும் கிடக்கிற கித்தாக் காட்டுக்குள்ள பால் வெட்டப் போனவங்களுக்கு, எல்லையில ஒருத்தர் காவல் நிக்கிறார்ங்கிற நம்பிக்கைதான் துணை. அப்புறம் தோட்டம் செம்பனையாச்சு, துண்டு துண்டா வித்தாங்க, லயத்தை இடிச்சாங்க. ஜனங்க டவுனுக்கு வந்தப்போ கூட வந்தது பெட்டி படுக்கையும் இந்தச் சாமியும்தான். அவரைச் 'சிறுதெய்வம்'னு சொல்லி எடுத்துட்டா, நாம எடுக்கிறது ஒரு கல்லையும் சூலத்தையும் மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாம வந்து அங்கே சூடம் ஏத்துற பாட்டிங்களைப் பார்த்து, "நீங்க உலகத்தைப் பார்த்த விதமே தப்பு"ன்னு சொல்றோம். அதைச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தா?

ஆகமமும் ஒரு பெரிய பார்வைதான். மூலஸ்தானத்துல அது முறைப்படி நடக்கட்டும். அந்தப் பெயரைச் சொல்லி இன்னொருத்தர் சாமியை வெளியே அனுப்பும்போது அது வெறும் கொள்கைச் சண்டையா ஆயிடுது.

அதனால கமிட்டிக்கு என் வேண்டுகோள்: பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரல்ல கிடா வெட்டு மட்டும் இருக்கட்டும். முனீஸ்வரர் சந்நிதியை எடுக்கிற தீர்மானத்தை நீக்கிடுங்க. திருப்பணி வரைபடத்துல அவருக்கும் ஒரு கூரை போடுங்க. அந்தக் கூரைக்கு ஆகும் உபயத்தைத் திரட்டுற வேலையை நான் எடுத்துக்கிறேன்.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே மரியாதையா எழுதுங்க, பேசலாம்.

திருச்சிற்றம்பலம்.