டிட்ச் என்னும் ஒரு சொல்லும் மலைநாட்டின் பல பள்ளங்களும்

சொல் ஒன்று, பொருள் பல என்னும் நிலைமை எம்மொழிக்கும் பொதுவானதே. ஆயினும் பிறமொழிச் சொல்லைத் தமிழிற் பெயர்க்குங்கால், அகராதியிற் கண்ட முதற்பொருளையே எவ்விடத்தும் வைத்துவிடும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகின்றது. இதனால் விளையும் கேடு ஏட்டளவில் நில்லாது நிலத்தையும் பற்றும் என்பதே யான் ஈண்டுக் கூற விழையும் கருத்து. ‘டிட்ச்’ என்னும் மிக எளிய ஆங்கிலச் சொல்லை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

நிலத்தில் நீளமாக வெட்டப்பட்ட பள்ளம் எதுவாயினும் ஆங்கிலேயர் அதனை டிட்ச் என்பர். வயலுக்கு நீர் கொணர்வதும், வயலினின்று நீரை அகற்றுவதும், சாலையோரத்து மழைநீரை ஏற்பதும், கோட்டையைக் காப்பதும் அதுவே. வினையாக வழங்குங்கால், நண்பனைக் கைவிடுதலும், வானூர்தியைக் கடல்மேல் இறக்குதலும் அதனாற் குறிக்கப்படும். கரையைக் குறிக்கும் ‘டைக்’ என்னும் சொல்லும் இதனுடன் பிறந்ததே. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். தோண்டுவோன் எடுத்த மண்ணை அருகிற் குவித்தலால், ஒரு தொழிலினின்றே பள்ளமும் கரையும் ஒருங்கு தோன்றுகின்றன அன்றோ?

பிரெஞ்சுக்காரரோ இப்பொருள்களைப் பல சொற்களுக்குப் பங்கிட்டனர். சாலையோரத்துப் பள்ளம் ‘ஃபொஸே’, நீரோடும் சிறுகால் ‘ரிகோல்’, தெருவோரத்து வடிகால் ‘கனிவோ’, படைவீரர் பதுங்கும் பள்ளம் ‘திராஞ்சே’, நீர் நிறைந்த கோட்டை அகழி ‘தூவ்’, கரை ‘தீக்’. ஃபொஸே என்பது இரு தலைமுறையினரிடையே உள்ள பிளவையும் உணர்த்தும். கைவிடுதலைக் குறிக்க அவர்கள் பள்ளத்தை நாடுவதில்லை. ‘விழ விட்டான்’ என்பர். நாமோ பள்ளத்தை வஞ்சனைக்கு ஆக்கிக் ‘குழி பறித்தான்’ என்கிறோம்.

இவ்வேறுபாட்டைத் திருமறையைத் தமிழாக்கியோர் நன்குணர்ந்திருந்தனர். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதத்தில், குருடருக்கு வழிகாட்டும் குருடர் விழுவது டிட்ச். எலிசா தீர்க்கதரிசியின் நாளில் நீருக்காகப் பள்ளத்தாக்கில் வெட்டப்பட்டதும் டிட்ச். நம் தமிழ் வேதத்திலோ முன்னது குழி, பின்னது வாய்க்கால். சொல்லை நோக்காது செயலை நோக்கிப் பெயர்த்த அறிவு போற்றத்தக்கது.

இனிப் பழனிமலைக்கு வருவோம். 1845-இல் அமெரிக்க மிஷனரிமார் கோடைக்கானலிற் குடியேறினர். 1895-இல் பிரெஞ்சு இயேசு சபையார் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். ஆதலின் மேற்கூறிய இருமொழிகளும் இம்மலைக்குப் புதியன அல்ல. ஆயின் இம்மலையிற் பள்ளத்தின் பொருளை அறுதியிட்டு உரைப்பது மழையே.

மலையின் தாழ்சரிவுகளில் யானை புகாவண்ணம் வெட்டுவதை ‘யானை அகழி’ என்கிறோம். அகழி என்றவுடன் நம் உள்ளத்தில் எழுவது சமநிலத்துக் கோட்டையும், அசையாது நிற்கும் நீருமே. ஆனால் சரிவில் மேலிருந்து கீழாக வெட்டப்பட்ட அகழி, வடகிழக்குப் பருவமழை தொடங்கியவுடன் வாய்க்காலாகிவிடும். விரைந்தோடும் நீர் அடியை அரிக்கும், பக்கங்கள் சரியும், சரிந்த மண்ணால் தூர்ந்த இடத்தே யானையும் எளிதிற் கடக்கும். பகையைத் தடுக்க வெட்டியது பகைக்கு வழியாவதோடு, உழவன் மண்ணையும் கொண்டு போகும். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் பள்ளமோ, ஓடும் நீரை நிறுத்தி மண்ணுள் இறக்கும். இவ்விரண்டையும் ஆங்கிலம் ‘டிரெஞ்ச்’ என்னும் ஒரே சொல்லால் வழங்குகின்றது. நாமும் இரண்டையும் அகழி என்று எழுதினால், கற்பவன் எதனை எங்ஙனம் வெட்டுவான்?

கோடைக்கானல் ஏரியும் இதனையே புகட்டுகின்றது. லெவிஞ் துரை 1863-இல் ஓடைகளுக்கு அணையிட்டு ஆக்கிய ஏரி அது. சுற்றியுள்ள சரிவுகளின் நீர் அதனையே நாடும். மழைநீர் செல்வது வடிகால். கழிவுநீர் செல்வது சாக்கடை. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கத் தொடங்கினால், இரண்டையும் ஒரே பள்ளத்தில் விடுதலும் தவறாகத் தோன்றாது. ஏரியின் மிகைநீர் வெள்ளி அருவியாய் வீழ்ந்து கீழ்நாட்டை நோக்கிச் செல்வதால், மேலே செய்த பிழை மேலேயே தங்குவதுமில்லை.

‘ஆங்கிலேயர் ஒரு சொல்லாலேயே காரியம் நடத்துகின்றனரே, இடம் நோக்கிப் பொருள் விளங்காதோ?’ என வினவுவார் உளர். விளங்கும், தம் மொழியில் நெடுநாட் பழகியவர்க்கு விளங்கும். பெயர்த்த சொல்லுக்கு அப்பழக்கம் இல்லை. அது தன் பழம்பொருளையே இழுத்துக்கொண்டு வரும். ‘ஒரு கலைச்சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் வேண்டும்’ என்பாரும் உளர். ஒரு பொருளுக்கு ஒரு சொல் வேண்டும் என்பது நேரிது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்பது அதனின் வேறு. முன்னது தெளிவு, பின்னது அடிமைத்தனம்.

நமக்குச் சொற்பஞ்சமும் இல்லை. வாய்க்கால், கால்வாய், வடிகால், மறுகால், ஓடை, மடை, அகழி, கிடங்கு, குழி, சாக்கடை என ஒவ்வொன்றும் ஒரு தொழிலைக் காட்டி நிற்கின்றது. வின்ஸ்லோ பெருமகனார் 1862-இல் தமிழ்–ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை தமிழ் லெக்சிகனைத் தொகுத்தளித்தனர். எஞ்சியது நம் கடன். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் படிக்கட்டு வயல்களிற் பூண்டு பயிரிடும் உழவரிடம் சென்று, ‘இப்பள்ளத்திற்கு என்ன பெயர்? இது நீரைக் கொணருமா, நிறுத்துமா, அகற்றுமா?’ என மாணவராகிய நாம் கேட்டறிதல் வேண்டும். தமிழை ஏட்டிற் கற்கும் நாம் அதனை மண்ணிலும் கற்போமாக. குருடருக்குக் குருடர் வழிகாட்டும் நிலைமை, சொல்லாக்கத்திலேனும் நம்மிடையே நேராதிருப்பதாக.