வழிகாட்டியா, வழிப்பறியா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாள் பாட்டாளி வீட்டிலே மகிழ்ச்சி நாள். மறுநாளோ அதே வீட்டிலே திகைப்பு நாள்! மதிப்பெண் வந்துவிட்டது, இனி எந்தக் கல்லூரி, என்ன பாடம், எவ்வளவு செலவு, யாரைக் கேட்பது? தறி நெய்யும் தந்தைக்குத் தெரியாது. பீடி சுற்றும் தாய்க்குத் தெரியாது. தெருவிலே பட்டம் பெற்றவர் எவரும் இல்லை. வசதி படைத்த வீட்டிலோ பெரியப்பா பொறியாளர், அத்தை பேராசிரியை. அங்கே மாலைச் சிற்றுண்டியோடு வழிகாட்டுதலும் வந்து சேருகிறது! இரு வீட்டுப் பிள்ளைகளும் மதிப்பெண்ணிலே சமம். வழி அறிந்திருப்பதிலே சமமா என்று கேட்கிறோம்.

இந்தத் திகைப்பை மோப்பம் பிடித்து வருகிறார் தரகர். 'கல்வி ஆலோசகர்' என்று பலகை மாட்டியிருக்கிறார். கட்டணமாக ஒரு காசும் வேண்டாம் என்கிறார். என்னே தாராளம்! அப்படியானால் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது? ஆள் சேர்த்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று கல்லூரி தருகிறது. கூலி கொடுப்பவருக்குத்தானே வேலை நடக்கும்? எல்லா ஆலோசகரும் இப்படித்தான் என்று நாம் கூறவில்லை, நேர்மையாளரும் உண்டு. ஆனால், கல்லூரியிடம் தரகு வாங்குகிறவர் மாணவனுக்கு நடுநிலையாக அறிவுரை சொல்வார் என்று நம்பச் சொன்னால், நம்மால் இயலாது.

இதனால் ஏழை இழப்பது என்ன? பணம் மட்டுமன்று, போராடிப் பெற்ற உரிமையையும் இழக்கிறான். 1984இல் புகுத்தப்பட்ட நுழைவுத் தேர்வு, தொழிற்கல்விச் சேர்க்கைக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலகியது. பொறியியல் படிப்புக்குப் பள்ளி மதிப்பெண்ணே போதும் என்றாயிற்று. 1997இல் ஒற்றைச் சாளர முறை வந்தது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலே படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்திற்கும், 2021இல் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் சட்டமாயிற்று. இந்தப் பொறியியல் ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது.

முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 விழுக்காடும் கலந்தாய்வு என்னும் வாசல் வழியே வருவோருக்குத்தான்! தரகர் கையைப் பிடித்து நிர்வாக ஒதுக்கீட்டுக்குள் நுழைந்தவனுக்கு அவை இல்லை. உரிமையோடு நுழைய வேண்டியவனைக் கடன்காரனாக்கி நுழைய வைக்கிறார் தரகர். அதற்கு அவருக்குப் பரிசு வேறு!

கலந்தாய்வு விளங்காத மந்திரமா? இல்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்குத் தரம் கணக்கிடுகிறார்கள். கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 வாங்கியவனுக்கு 90, 40, 42 சேர்ந்து 172. பிறகு கல்லூரியையும் பாடத்தையும் விருப்ப வரிசையில் எழுத வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். அந்த வரிசையில் மேலிருந்து பார்த்து, அவன் தரத்துக்குக் கிடைக்கும் முதல் இடத்தைக் கணிப்பொறி கொடுத்துவிடும். ஐந்தாறு பெயரோடு நிறுத்தினால் வெறுங்கையோடு நிற்க நேரலாம். விரும்பாத கல்லூரியை மேலே எழுதினால் அதுவே தலையில் விழும். 2018 முதல் இவையெல்லாம் இணையவழி. ஆகவே கைப்பேசி எண்ணையும் கடவுச்சொல்லையும் பிறரிடம் விட்டவன், தன் எதிர்காலத்தின் சாவியையே விட்டவனாகிறான்!

இதைச் சொல்லித் தர ஆள் இல்லையா? இருக்கிறார்கள். கோடை விடுமுறையிலும் பள்ளிக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையின் சான்றிதழையும் சரிபார்த்து, வரிசை எழுதித் தரும் அரசுப் பள்ளி ஆசிரியர்களை நாம் அறிவோம். தரகுப் பணம் அவர்களைத் தீண்டியதில்லை. அவர்களே உண்மையான வழிகாட்டிகள். ஆனால் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, தேர்தல் வேலையும் பார்த்து, எஞ்சிய நேரத்திலே ஒருவர் எத்தனை பேருக்கு வழிகாட்டுவார்?

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்கிறது பள்ளி ஆலோசகர் சங்கம். 2022-23இல் அங்கே சராசரி 385 பேருக்கு ஒருவர். பள்ளி விட்ட இடைவெளியிலே சந்தை புகுந்தது. ரிக் சிங்கர் என்ற ஆலோசகர், பணக்காரப் பிள்ளைகளைப் 'பக்கவாசல்' வழியே பெரிய கல்லூரிகளில் நுழைத்துவிட்டு, இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் வாங்கினார். 2019இல் குட்டு வெளிப்பட்டது. 2023இல் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வழிகாட்டுதலைக் கடைச்சரக்காக்கினால் நேரும் கதி இதுதான்.

எனவே நாம் கேட்பது இரண்டு. மேல்நிலைப் பள்ளிதோறும் இதற்கென்றே ஒரு முழுநேர வழிகாட்டி ஆசிரியர் வேண்டும். கல்லூரியிடம் தரகு வாங்கும் ஆலோசகர், எந்தக் கல்லூரியிடம் எவ்வளவு என்பதைப் பலகையிலே எழுதி மாட்ட வேண்டும். நன்கொடை வாங்குவதை 1992ஆம் ஆண்டே சட்டம் தடுத்துவிட்டது. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆணையிட்டது. இவை ஏட்டிலே உறங்கினால் போதுமா?

தோழர்களே! எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படிப்பகத்திலே ஏடு படித்துக் காட்டியவர்கள் நம் முன்னோர். அந்தப் படிப்பகத்திலும் தொழிற்சங்க அலுவலகத்திலும், முடிவு வெளியாகும் நாள் தொட்டு ஒரு மேசை போடுங்கள். கல்லூரியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளை அங்கே உட்கார வையுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே எடுக்கச் சொல்லுங்கள். வருபவன் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எத்தனை மதிப்பெண் என்று கேளுங்கள். நம் மேசை ஒவ்வொரு தெருவிலும் இருந்தால், தரகரின் பலகை தானே இறங்கும்!