காற்று கூறியதும் கேளாததும்

"அணுகுண்டைப் பரிசோதிப்பவருக்கு வானிலை அறிஞர் எதற்கு?" என மாணவன் ஒருவன் சென்ற கிழமை நம்மை வினவினான். நல்ல வினா. குண்டைச் செய்வது மனிதன். அதன் நஞ்சுத் தூளைச் சுமந்து செல்வதோ காற்று. ஆதலின் வெடிக்கும் நாளைக் குறிக்குமுன் காற்றின் போக்கை அறிதல் வேண்டும்.

1954 ஆம் ஆண்டிலே, பசுபிக் சமுத்திரத்து மார்சல் தீவுகளில் அமெரிக்கப் படையினர் ஐதரசன் குண்டுகளைப் பரிசோதிக்கத் திட்டமிட்டனர். பிக்கினி என்னும் பவளத்தீவே முதற் களம். அயலிலுள்ள தீவுகள் சிலவற்றில் வானிலை நிலையங்கள் அமைந்தன. அங்கிருந்தோர் பலூன்களைப் பறக்கவிட்டு, ஒவ்வோர் உயரத்திலும் காற்று எத்திசையில், எவ்வேகத்தில் வீசுகின்றதென அளந்து அறிவித்தனர். தரையருகே கிழக்கிலிருந்து காற்று வீசும்போதே, மேலே மேற்கிலிருந்து வீசுதலும் உண்டு. முகிலிலிருந்து விழும் தூள் இவ்வடுக்குகள் யாவற்றையும் கடந்தே கீழே வரும். எனவே ஓர் உயரத்துக் காற்றை மாத்திரம் அறிந்து பயனில்லை.

பெப்ரவரி 28 ஆந் திகதி முற்பகலில் காற்று சாதகமெனக் கண்டனர். நள்ளிரவு ஆய்விலே நிலைமை மாறியது. 20,000 அடி உயரத்துக் காற்று, கிழக்கே மக்கள் வாழும் றொங்கெலப் தீவை நோக்கித் திரும்பியிருந்தது. எனினும், ஆபத்து நேராதெனக் கருதிப் பரிசோதனையை நிறுத்தாதுவிட்டனர். விடியுமுன் நிலைமை மேலும் கெட்டபோது, தம் கப்பல்கள் சிலவற்றைத் தூர விலக்கினர். தீவு மக்களை விலக்கினாரல்லர்.

மார்ச் 1 ஆந் திகதி காலை 6.45 மணிக்குக் குண்டு வெடித்தது. ஏறக்குறைய 6 மெகாதொன் வலுவை எதிர்பார்த்தனர், வெளிப்பட்டதோ 15. சில மணி நேரத்தில் றொங்கெலப்பில் வெண்சாம்பல் சொரிந்தது. இன்னதென அறியாத சிறுவர் அதில் விளையாடினர். அம்மக்களை அப்புறப்படுத்தியது மார்ச் 3 ஆந் திகதியே. அருகிலிருந்த யப்பானிய மீன்பிடிப் படகொன்றின் 23 பேரும் நஞ்சுத் தூளுக்கு ஆளாயினர். அவர்களுள் வானொலிப் பணியாளரான குபோயாமா அவ்வாண்டு செப்டெம்பரில் உயிர் நீத்தார்.

இன்னுமொன்று நம் நெஞ்சை உறுத்துகின்றது. றொங்கெரிக் தீவின் வானிலை நிலையத்தில் 28 அமெரிக்கர் இருந்தனர். காற்றை அளந்து அறிவித்த அவர்கள் மீதும் அதே சாம்பல் விழுந்தது.

றொங்கெலப் மக்கள் 1957 இல் ஊர் திரும்பினர். கதிர்வீச்சுக்கு அஞ்சி 1985 இல் மீண்டும் வெளியேறினர். ஆகாயத்தில் அணுகுண்டு வெடிப்பதை விலக்கும் உடன்படிக்கை 1963 இல் உருவாயிற்று.

மாணவர்களே, கருவிகள் எச்சரித்தன. குண்டின் வலுவைக் கணித்ததிலே பிழை நேர்ந்தது. அது அறியாமை எனலாம். ஆனால் காற்று திரும்பியதை அறிந்தபின்னரும் பொறுத்திராமை அறியாமையன்று. ஒரு நாள் தாமதித்தால் இழப்பதற்கு என்ன இருந்தது? அளக்கக் கற்பது அறிவு. அளந்தது வேண்டாமென்று கூறும்போது கையை மடக்கிக்கொள்வதே பண்பு.