ஸ்னோமொபைல் வாங்க முதல் கழகத்தில் சேருங்கள்

அன்பான பிள்ளைகளே, மருமக்களே, பெறாமக்களே,

இங்கே ஒன்ராறியோவில் குளிர் தொடங்கிவிட்டது. ரொறன்ரோ வீட்டு விலைக்குப் பயந்து பரி, ஒரில்லியா, பீற்றர்பரோ, சட்பரி என்று போய்க் குடியேறிய என் பழைய மாணவர்கள் இப்போது பலர். அவர்களில் இரண்டு பேர் இந்த மாதம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "மாஸ்ரர், பழைய ஸ்னோமொபைல் ஒன்று விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமோ?"

வாங்கலாம். ஆனால் முதலில் உங்கள் ஊர் ஸ்னோமொபைல் கழகத்தில் சேருங்கள். மெசின் இரண்டாவது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு இது பழக்கம்தானே.

எழுபது தாண்டிய வாத்தியாருக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நான் ஓட்டுவதில்லை. மகன் இருக்கும் கழகத்துக்கு மூன்று வருடமாகக் கூடப் போய் வருகிறேன். பாதையில் விழுந்து கிடக்கும் கொப்புகளை இழுத்துப் போடுவது, அடையாளக் கம்பு நடுபவர்களுக்குக் கம்பு எடுத்துக் கொடுப்பது, நிதி சேர்க்கும் காலைச் சாப்பாட்டில் கோப்பை கழுவுவது, இவைதான் என் வேலைகள். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலாவது, பாதை. இந்த மாகாணத்தில் ஏறக்குறைய 30,000 கிலோமீற்றர் ஸ்னோமொபைல் பாதை இருக்கிறது. அரசாங்கம் போட்ட றோட்டு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சுமார் 200 ஊர்க் கழகங்களின் தொண்டர்கள் வெட்டித் துப்புரவாக்கி, பலகை நட்டு வைத்திருக்கும் பாதை அது. இரவில் குளிர் இறங்கிய பிறகு குறூமர் என்ற பெரிய வாகனம் வந்து பனியை மட்டப்படுத்தும். அது இறுகச் சில மணி நேரம் வேண்டும். நீங்கள் காலையில் வழுவழுப்பாக ஓடுவதற்கு ஒருவர் நித்திரை முழித்திருக்கிறார். நாங்கள் ஊரில் சிரமதானம் செய்து ஒழுங்கை திருத்தினோமே, அதே வேலைதான். இங்கே அது ஒவ்வொரு வருடமும் நடக்க வேண்டும்.

அந்தப் பாதையில் பெரும்பகுதி தனியார் காணிகளுக்குள்ளால் போகிறது. காணிக்காரர் "சரி, போங்கள்" என்று சொன்னதால்தான் போக முடிகிறது. ஒருவன் பாதையை விட்டு விலகிப் பனிக்குக் கீழே பயிர் உள்ள வயலில் ஓடினால் அடுத்த வருடம் படலை பூட்டப்படும். ஒரு காணி மூடினால் இரண்டு ஊருக்கு இடையிலான தொடர்பே அறுந்துபோகும். அரை அடி வேலிக்கு ஆயுள் முழுக்க வழக்குப் பேசிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அந்நியனைத் தன் காணிக்குள்ளால் போக விடும் மனதின் பெறுமதி எங்களுக்கு விளங்க வேண்டும். அந்த நம்பிக்கையைக் காத்துவருவது கழகம்.

இரண்டாவது, உயிர். வாவி உறைந்துவிட்டால் மைதானம் மாதிரித்தான் தெரியும். ஆனால் பனிக்கட்டி எல்லா இடத்திலும் ஒரே தடிப்பு இல்லை. ஆறு வந்து சேரும் இடம், இரண்டு தீவுக்கு நடுவில் நீரோட்டம் உள்ள இடம், பாலத்தடி எல்லாம் மெல்லியதாக இருக்கும். ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும் என்கிறது கனடியச் செஞ்சிலுவைச் சங்கம். வெள்ளையாகத் தெரியும் பனிக்கட்டிக்குத் தெளிந்த பனிக்கட்டியின் பலம் இல்லை. எந்த இடம் எப்போதும் மோசம் என்று அந்த ஊரில் நாற்பது வருடம் ஓடியவருக்குத் தெரியும். அவரைச் சந்திக்கும் இடம் கழகம். பாதை திறந்ததா மூடியதா என்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் இணைய வரைபடத்தில் காட்டுவார்கள். சிவப்பென்றால் போகக்கூடாது. தனியாகப் போகவே கூடாது. குழுவாகப் போனால் ஒருவர் விழுந்தாலும் தூக்கிவிட ஆள் இருக்கும்.

பிள்ளைகளுக்கும் இதில் நன்மை உண்டு. 12 வயதானவர்கள் பயிற்சி வகுப்பு முடித்து அனுமதிப்பத்திரம் எடுத்தால் இந்தப் பாதைகளில் ஓட்டலாம். ஹெல்மெற் கட்டாயம். வேகம் 50 கிலோமீற்றருக்கு மேல் கூடாது. குடித்துவிட்டு ஓட்டினால் கார் லைசென்சும் போகும். இதையெல்லாம் தகப்பன் சொன்னால் கேட்காத பிள்ளை, கழகத்துப் பெரியவர் சொன்னால் கேட்கும். ஆசிரியராக இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 1934 குளிர்காலத்தில் கியூபெக்கின் வல்கூர் ஊரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்பவரின் இரண்டு வயது மகன் குடல்வால் அழற்சியால் இறந்துபோனான். பனி மூடியதால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வழியில்லை. பனியில் ஓடும் வாகனத்துக்காக ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருந்த அந்தத் தகப்பன் 1937இல் காப்புரிமை பெற்றார். 1959இல் ஸ்கி-டூ வந்தது. ஒதுங்கிப்போன வீடுகளை ஊரோடு சேர்க்க முயன்றவரின் மெசின் இது. அதை வாங்கி நாங்கள் தனியாக ஓடித் திரிவதில் என்ன இருக்கிறது?

எங்களுக்குச் சங்கங்களுக்குக் குறைவில்லை. பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம், கோயில் சபை எல்லாம் உண்டு. நல்லது, இருக்கட்டும். ஆனால் அவை ரொறன்ரோவில். சட்பரியில் நடுச்சாமம் உங்கள் கார் பனியில் புதைந்தால் ஊர்ச் சங்கத் தலைவர் வரமாட்டார். பக்கத்து றோட்டில் இருப்பவர் வருவார், உங்களைத் தெரிந்திருந்தால். கழகத்தில் ஒரு சனிக்கிழமை சேர்ந்து கம்பு நட்டால் அவருக்கு உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

செலவு கூட என்பீர்கள். உண்மைதான். மெசின், காப்புறுதி, பதிவு, உடுப்பு, எரிபொருள் என்று காசு போகும். சத்தமும் புகையும் உண்டு. அதையும் மறைக்கவில்லை. அதனால்தான் முதலில் சேரச் சொல்கிறேன். ஒரு சீசன் அவர்களோடு வேலை செய்து பாருங்கள். பிடிக்காவிட்டால் மெசின் காசு மிச்சம். பிடித்தால் எதை வாங்குவது, எதை வாங்கக்கூடாது என்று சொல்லித்தர ஆட்கள் இருப்பார்கள்.

இன்னொன்று. பெர்மிட் வாங்குவது சட்டம். அதை வாங்கியதும் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பாதை துப்புரவாக்கும் நாள் எப்போது என்று கேட்டு, கையுறையோடு போய் நில்லுங்கள்.

யாராவது ஏற்கெனவே சேர்ந்திருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் மாஸ்ரர்