யார் கையால் பட்டம்?

2025 ஆகஸ்ட் 13. நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகத்தின் 32-ஆவது பட்டமளிப்பு விழா. மேடையிலே, வேந்தர் என்ற முறையில், அன்றைய கவர்னர் ஆர்.என். ரவி. வரிசையில் வந்த ஆராய்ச்சி மாணவி ஒருவர் அவரைக் கடந்து நடந்தார். துணைவேந்தர் சந்திரசேகர் கையால் பட்டத்தைப் பெற்றுக்கொண்டு இறங்கினார். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. தமிழுக்கும் தமிழர்க்கும் எதிராக நடப்பவரிடம் வாங்க விருப்பமில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

பதறினார்கள் சிலர். "கணவர் தி.மு.க.காரராம், நாடகமாம்!" என்றார்கள். கட்சிக் குடும்பம்தான், யார் மறைத்தார்கள்? கட்சிக்காரன் வீட்டுப் பெண்ணுக்குச் சொந்தப் புத்தி இருக்கக்கூடாதா?

பட்டம் யாருடையது, தோழரே? ஆராய்ந்தவர் மாணவி. வழிகாட்டியவர் பேராசிரியர். வழங்குவது பல்கலைக் கழகம். கவர்னர் செய்வதெல்லாம் எடுத்துக் கொடுப்பதுதான்!

அந்த வேலைதான் அவருக்கு எப்படி வந்தது? 1857-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தை அமைத்த வெள்ளைக்காரன், தன் கவர்னரையே வேந்தராக்கினான். வெள்ளைக்காரன் போனான், வழக்கம் போகவில்லை. 1990-இல் பிறந்த நெல்லைப் பல்கலைக் கழகத்திலும் வந்து ஒட்டிக்கொண்டது. கவர்னருக்கு இந்தப் பதவி வேண்டாமென்று மத்திய சர்க்கார் அமைத்த பூஞ்சி கமிஷனே 2010-இல் சொல்லிற்று. கேட்டவர் யார்?

துணைவேந்தரை நியமிக்கும் உரிமையை மாநில சர்க்காருக்குத் தரும் மசோதாக்களைச் சட்டசபை 2022-இல் நிறைவேற்றியது. கிடப்பில் கிடந்தன. 2023 நவம்பரில் திரும்பி வந்தன. அதே மாதம் சட்டசபை மீண்டும் நிறைவேற்றியது. கவர்னரோ ஜனாதிபதிக்கு அனுப்பினார். அப்படி அனுப்பியது செல்லாதென்று 2025 ஏப்ரல் 8-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மே 21-இல் சென்னை ஐகோர்ட், நியமன உரிமைக்கு இடைக்காலத் தடை போட்டது. வழக்குக்கு மேல் வழக்கு! இதற்கு நடுவேதான் நெல்லையில் பந்தல் போட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்று கவர்னர் கையால் வாங்கிய பிள்ளைகளை ஏளனம் பேசுவோர் நம்மிலே இருந்தால், நிறுத்திக்கொள்ளட்டும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் தாய்மார், விக்கிரமசிங்கபுரம் ஆலையில் ஷிப்டு பார்த்த தகப்பன்மார் – தாமிரபரணிக் கரையிலே பட்டமளிப்புப் போட்டோவை மாட்டச் சுவரில் இடம் பார்த்து வைத்திருக்கும் வீடுகள் எத்தனை! போட்டோவில் பக்கத்தில் நிற்பவரை அந்த வீடு தேர்ந்தெடுக்கவில்லை. அங்கே வளர்ந்த பெண் மேடையில் மறுத்திருந்தால், "உத்தியோகத்துக்கு உலை வைத்துக் கொண்டாயே!" என்று தாய் கலங்கியிருப்பாள். கிளைக் கூட்டத்தில் இந்தச் செய்தியைப் பேசும் தோழர், அந்தத் தாயும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எண்ணிப் பேசட்டும்.