பெல்ட்டை மாற்றினால் மட்டும் போதுமா?



காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் போனட்டுக்குள் இருந்து 'கீச்' என்றொரு சத்தம். கராஜில் காட்டினால், "பெல்ட் பழசு" என்று புதியதைப் போட்டுத் தருகிறார்கள். இரண்டு மாதங்களில் அதே சத்தம் மீண்டும் வந்துவிடுகிறது. அப்படியானால் குற்றம் பெல்ட்டில் இல்லாமல், அதை இழுத்துப் பிடித்திருக்கும் டென்ஷனரில் இருக்கலாம் அல்லவா?

எஞ்சினோடு ஓடும் அந்த ஒற்றைப் பெல்ட்தான் பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டனேட்டரையும் ஏ.சி. கொம்பிரஸரையும் சுழற்றுகிறது. பல வாகனங்களில் பவர் ஸ்டியரிங் பம்பும் தண்ணீர்ப் பம்பும் அதிலேயே ஓடுகின்றன. டென்ஷனர் என்பது வலுவான ஸ்பிரிங் பொருத்திய ஒரு கை. அதன் நுனியில் சிறிய கப்பி. பெல்ட் தேயத் தேய அந்தக் கை நகர்ந்து இறுக்கத்தைக் காக்கும். ஸ்பிரிங் சோர்ந்தாலோ கப்பியின் பெயரிங் தேய்ந்தாலோ புதிய பெல்ட்டும் வழுக்கும். ஒரு நாள் கழன்றும் போகும்.

அது பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நேரமாகவும் இருக்கலாம். பற்றரி விளக்கு எரியும். ஸ்டியரிங் திடீரெனக் கனக்கும். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதாயின் சில நிமிடங்களிலேயே எஞ்சின் கொதிக்கத் தொடங்கும். "வீடு கிட்டத்தானே" என்று ஓட்டிச் செல்லாதீர்கள். சூட்டில் எஞ்சின் ஹெட் வளைந்தால், டென்ஷனரின் விலையைப் போல் பல மடங்கு செலவாகும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டாம்.

அந்த நிலை வருமுன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். எஞ்சினை ஓடவிட்டு, சற்று விலகி நின்று பாருங்கள். முந்தானையோ ஹபாயாவின் கையோ பெல்ட்டின் பக்கம் போகவே கூடாது, இழுத்துவிடும். டென்ஷனரின் கை இலேசாக அசைவது வழமை, துள்ளுவது பழுது. பெல்ட் கப்பியின் ஓரத்துக்கு ஒதுங்கி ஓடினாலும், கையின் அச்சடியில் துருத்தூள் படிந்திருந்தாலும் பாஸிடம் காட்டுங்கள்.

பெல்ட்டில் வெடிப்பில்லை என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. பழைய நியோபிரீன் பெல்ட்கள் வயதானால் வெடித்துக் காட்டிக்கொடுத்தன. இப்போதுள்ள ஈ.பி.டீ.எம். இறப்பர் பெல்ட்களோ பெரும்பாலும் வெடிக்காமல், டயரைப் போல் தேய்கின்றன.

கராஜில் பெல்ட்டைக் கழற்றுமுன் அது ஓடும் வழியைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியதும் டென்ஷனர் கப்பியை விரலால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். கரகரத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ மாற்றத்தான் வேண்டும். ஸ்பேனரால் கையைத் தள்ளினால் எங்கும் சிக்காமல் நகர்ந்து, மெல்ல விடும்போது விசையோடு திரும்ப வேண்டும். புதியது போட்டபின் பெல்ட்டின் வரிகள் எல்லாக் கப்பிகளின் பள்ளங்களிலும் சரியாக அமர்ந்தனவா என்று பார்த்த பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும். சத்தத்தை அடக்க ஸ்பிரே அடிப்பது வைத்தியமல்ல, நோயை மறைப்பது.

சில வாகனங்களில் தானாக இறுக்கும் டென்ஷனர் கிடையாது. போல்ட்டைத் திருகித்தான் இறுக்குவார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஓல்டனேட்டர் பெயரிங் கெடும். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸிலோ இந்தப் பெல்ட்டே இல்லை. அந்த வாகனத்துக்கு டென்ஷனர் மாற்றியதாகப் பில் வந்தால், காசு கொடுக்குமுன் கழற்றிய பழையதைக் காட்டச் சொல்லுங்கள்.